ஹெரால்டுக்கு அளவெடுத்துச் சக்கரம் பொருத்திய புளியரைச் சாலைக் கடை

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகும் சாலையில், கேரள எல்லைக்குச் சற்று முன்பாக இருக்கும் ஒரு டயர் கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட வேலைகளையே முடித்துக் கொடுக்க முடியாத நிலையில், புதிதாக ஆட்கள் வந்து காத்துக் கிடப்பது அவருக்குச் சங்கடமாக இருக்கிறது. எனவே பெயரை விட்டுவிட்டு, என் காருக்கு அங்கே நடந்த வேலையை மட்டும் முழுமையாகச் சொல்கிறேன். பழைய கார் ஒன்றைத் தன் விருப்பப்படி புதுப்பிக்க நினைப்பவர் சக்கரத்தையும் டயரையும் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை, இரண்டு முறை பணம் செலவழித்த பிறகு நான் அந்தக் கடையில்தான் கற்றுக்கொண்டேன்.

என்னுடையது 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்து விற்றது. நான்கு கதவு கொண்ட ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. என்னிடம் இருப்பது அதுதான். என் தந்தை வாங்கிய வண்டி. எஞ்சின் 948 சிசி. மூன்றரை அங்குல அகலமுள்ள 13 அங்குல டிஸ்க்கில், அதாவது இரும்புச் சக்கரத்தில், 5.20-13 நைலான் டயர் போட்டுக் கம்பெனியிலிருந்து வந்தது. எஞ்சின், கியர் பாக்ஸ், உட்புறத் தையல், பெயின்ட் எல்லாம் முடிய மூன்று ஆண்டுகள் பிடித்தன. சக்கரத்தைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டேன். அதுதான் முதல் தவறு என்று இப்போது தெரிகிறது. ஏனென்றால் சக்கரத்தின் அகலத்தை முதலில் முடிவு செய்திருந்தால், மட்கார்டின் உள்விளிம்பை மடித்துத் தட்டலாமா வேண்டாமா என்பதைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே யோசித்திருக்கலாம்.

வேறோர் ஊரில் உள்ள ஒரு பெரிய கடையில் 14 அங்குல அலாய் வீல்களும் 185/60 ஆர் 14 டயர்களும் போட்டுக்கொண்டேன். பழைய டயரின் உயரமும் புதிய டயரின் உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே எதுவும் இடிக்காது என்று அங்கே சொன்னார்கள். உயரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது உண்மைதான். 185 மி.மீ. அகலத்தில் 60 விழுக்காடு 111 மி.மீ.; அதை இரண்டால் பெருக்கி, 14 அங்குலத்துக்கான 355.6 மி.மீ.-ஐக் கூட்டினால் 578 மி.மீ. வருகிறது. என் பழைய டயரும் அதற்கு மிக அருகில்தான் இருந்தது. ஆனால் ஒரு சக்கரம் பொருந்துவதற்கு உயரம் மட்டும் போதாது. வீட்டு வாசலில் வண்டியை முழுதாகத் திருப்பியபோது முன் டயரின் உட்பக்கம் சேஸிஸில் உரசிக் கருப்புக் கோடு விழுந்தது. மூன்றாம் நாள் தென்காசிச் சாலையில் அறுபதைத் தாண்டியபோது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. நான்கு முறை பேலன்ஸிங் செய்தும் நடுக்கம் போகவில்லை.

அந்த நிலையில்தான், புனலூரில் அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் புளியரைச் சாலைக் கடையைச் சொன்னார். உரிமையாளருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறார்கள். மலை தாண்டி வருகிறவர்களிடம் அவர் மலையாளத்திலேயே பேசுகிறார். நான் நடுக்கத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கும் முன்பே ஒரு சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். நட்டு உட்காரும் குழிகளைத் துணியால் துடைத்துவிட்டு, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நான்கு குழிகளிலும் முழு வட்டமாகப் பதிய வேண்டிய தடம், ஒரு பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் பளபளவென்று தேய்ந்திருந்தது.

பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்தார். நான்கு துளை உள்ள சக்கரத்தில் பிசிடி, அதாவது நட்டுத் துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம், அளப்பது எளிது: ஒரு துளையின் வெளிவிளிம்பிலிருந்து எதிர்த்துளையின் உள்விளிம்பு வரை அளந்தால், இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் கிடைத்துவிடும். அலாய் வீலில் சரியாக 100 மி.மீ. இருந்தது. ஹெரால்டில் சக்கரம் மாட்டும் ஹப்பில் ஸ்டட்டுகளை (நட்டு ஏறும் மரைக் கம்பிகளை) அளந்தபோது 95.25 மி.மீ., அதாவது மூன்றே முக்கால் அங்குலம். “மூணு வீசம் அங்குலம் கூடுதலா இருக்கு, தம்பி. இந்த வீலோட ஊருக்குப் போகாண்டாம். வண்டி இங்கயே கிடக்கட்டும்” என்றார் அண்ணாச்சி. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு.

பிசிடி மாறிய சக்கரம் எப்படி வண்டியில் ஏறியது என்ற கேள்விக்கு அவர் காட்டிய விடைதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. ஹெரால்டின் ஸ்டட் 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மி.மீ. கனம். இன்றைய கார்களுக்கான அலாய் வீல்கள் 12 மி.மீ. ஸ்டட்டுக்கென்று துளையிடப்பட்டவை. துளை பெரிது, ஸ்டட் சிறிது என்பதால், ஒவ்வொரு ஸ்டட்டும் மையத்திலிருந்து இரண்டரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக விலகியிருந்தாலும் சக்கரம் உள்ளே போய்விடுகிறது. கூம்பு நட்டை முடுக்கும்போது அது குழியின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஏறி உட்கார்கிறது. இறுக்கமாக இருப்பதுபோலக் கைக்குத் தெரியும். ஆனால் சக்கரம் ஹப்பின் மையத்தில் இல்லை, ஸ்டட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளைந்து நிமிர்கிறது. அப்படி வளைந்து நிமிரும் இரும்பு ஒருநாள் ஒடியும். எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் இது தீராது. பேலன்ஸிங் எந்திரத்தில் சக்கரத்தை நடுத்துளையைப் பிடித்துத்தானே மாட்டுகிறார்கள்! பழைய கார் வைத்திருப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பத்தியை மறக்காமல் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அடுத்தது அகலமும் ஆஃப்செட்டும். சக்கரத்தின் அகல நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ஹெரால்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள், அதாவது 7.6 மீட்டருக்குள், அது சுற்றி வந்துவிடும். மாருதி 800-க்கே வட்டத்தின் ஆரம் 4.4 மீட்டர் என்றால், ஹெரால்டு எவ்வளவு குறுகிய இடத்தில் திரும்பும் என்பது புரியும். முன்சக்கரம் மிகக் கூர்மையாக ஒடிவதால்தான் இது முடிகிறது. அதற்கு விலையாக, முன் டயரின் உட்பக்கம் சேஸிஸுக்கு மிக நெருங்கி வருகிறது. மூன்றரை அங்குல டிஸ்க்குக்குப் பதில் ஐந்தரை அங்குலம் போட்டால், ஆஃப்செட் மாறாவிட்டாலும், உள்ளே ஓர் அங்குலமும் வெளியே ஓர் அங்குலமும் கூடுகின்றன. என் அலாய் வீல்கள் இன்றைய முன்சக்கர ஓட்டக் கார்களுக்கானவை; அவற்றின் ஆஃப்செட் 35 முதல் 45 வரை இருப்பது வழக்கம். அந்த எண் கூடக்கூடச் சக்கரம் உள்பக்கமாக நகரும். ஆக, அகலமும் உள்ளே தள்ளியது, ஆஃப்செட்டும் உள்ளே தள்ளியது. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டு வைத்து வெளியே தள்ளினால் மட்கார்டில் இடிக்கும், ஸ்டட்டின் நீளமும் போதாது. ஸ்டியரிங் ஒடிவதைக் குறைத்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஹெரால்டை ஹெரால்டாக வைத்திருக்கும் குணமே போய்விடும்.

பின்பக்கத்துக்கு வேறொரு காரணம் உண்டு. ஹெரால்டின் பின் ஆக்சில், அம்பாசிடரில் இருப்பதுபோல இருபுறமும் ஒரே கட்டையான ஆக்சில் அல்ல. நடுவில் டிஃப்ரென்ஷியல் சேஸிஸோடு நிற்க, இரண்டு பக்க ஆக்சில்களும் தனித்தனியே ஊஞ்சல்போல ஏறி இறங்கும். மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பகுதி மேலெழும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் அடிப்பக்கம் உள்ளே மடங்கிக்கொள்ளும். டயர் அகலமாகி, சாலையைப் பிடிக்கும் திறன் கூடக்கூட, இந்த மடக்கம் குறைவதற்குப் பதில் அதிகமாகும். மெல்லிய டயராக இருந்தால் அந்த நிலை வருவதற்கு முன்பே வழுக்கி எச்சரித்துவிடும். அகலமான டயர் பாதுகாப்பானது என்ற நம் பொதுவான எண்ணம் இந்த ஒரு வண்டியில் தலைகீழாகிறது. அண்ணாச்சி இதைச் சொற்களால் விளக்காமல், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் காட்டினார். சக்கரங்கள் இரண்டும் காற்றில் தொங்கி, கால்கள் பின்னிக்கொண்டதுபோல உள்நோக்கிச் சாய்ந்து நின்றன. அதைப் பார்த்த பிறகு 185 என்ற எண் என் மனத்திலிருந்து இறங்கிவிட்டது.

அவர் இரண்டு வழிகளை என்முன் வைத்தார். முதலாவது, பழைய மூன்றரை அங்குல டிஸ்க்குகளையே வைத்துக்கொண்டு 145/80 ஆர் 13 ரேடியல் போடுவது. வேகன் ஆர் காரில் முன்பு வந்த அளவு என்பதால் எந்த ஊரிலும் கிடைக்கும். மூன்றரை அங்குல ரிம்முக்கும் அது அனுமதிக்கப்பட்ட டயர். அதன் உயரம் 562 மி.மீ. இரண்டாவது, நாலரை அங்குல டிஸ்க்கில் 155/80 ஆர் 13. இதன் உயரம் 578. பழைய டயருக்கு எது நெருக்கம் என்று பார்க்க அவர் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. டிக்கியில் கிடந்த, அதிகம் ஓடாத பழைய ஸ்டெப்னியை முன்பக்கம் மாட்டி, காற்றை நிரப்பி, டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியைச் சரியாக ஒரு சுற்றுத் தள்ளி, மறுபடியும் கோடு தரையைத் தொட்ட இடம் வரை டேப் பிடித்தார். 1 மீட்டர் 77 செ.மீ. வந்தது. கடையில் இருந்த 155/80 டயரில் அதே போல 1 மீட்டர் 76 வந்தது. 145/80 போட்டால் ஸ்பீடோமீட்டர் அறுபது காட்டும்போது உண்மையில் 58 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவோம். வண்டியும் 8 மி.மீ. தாழும். பெரிய குறைகள் அல்ல. செலவு குறைவாக வேண்டுமென்றால் முதல் வழியே போதும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். கூடுதல் வேலையை என் தலையில் கட்ட முயலவில்லை.

நான் இரண்டாவது வழியை எடுத்ததற்குக் காரணம், பழைய டிஸ்க்குகளின் விளிம்பு துருப்பிடித்து அரித்துப்போயிருந்தது. எப்படியும் வளையத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். 155/80 டயருக்கு நான்கு முதல் ஐந்தரை அங்குலம் வரையுள்ள ரிம் ஏற்றது. நாலரை அங்குலம் அதற்குப் பொருத்தமான அளவு. ஹெரால்டின் டிஸ்க்கிலிருந்து நடுத்தட்டை மட்டும் லேத்தில் வெட்டியெடுத்து, நல்ல நிலையில் இருந்த நாலரை அங்குல, 13 அங்குல இரும்பு ரிம்களின் வளையத்துக்குள் பொருத்திப் பற்றவைத்தார்கள். கூடிய ஓர் அங்குலத்தில் பெரும்பகுதியை வெளிப்பக்கமாகத் தள்ளி, உள்பக்கத்தில் ஏறத்தாழ பழைய இடைவெளியே இருக்கும்படி நடுத்தட்டை நிறுத்தியதில்தான் அண்ணாச்சியின் அனுபவம் தெரிந்தது. ஹப்பில் மரச்சட்டம் ஒன்றைக் கட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, சேஸிஸிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சட்டத்தில் ஆணியால் கீறிக்கொண்டார். ஐந்து சக்கரங்களும் அந்தக் கீறலுக்கே செய்யப்பட்டன. நடுத்தட்டு பழையதே என்பதால் பிசிடி பற்றிய கவலை இல்லை; தந்தை காலத்து வீல் கப்பும் அப்படியே அழுந்தி உட்கார்ந்தது.

பற்றவைத்த சக்கரத்தை எல்லாக் கடைகளிலும் நம்பிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தக் கடையில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஹப்பில் மாட்டிச் சுழற்றி, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்தார்கள். பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒரு மி.மீ.க்குள் இருந்தால் மட்டுமே அடுத்த வேலை. பிறகு டயரை ஏற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். நான்கு அமைதியாக இருந்தன. ஐந்தாவதில் பற்றவைப்பின் ஓரமாக, கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அதன்மேலேயே இன்னொரு முறை பற்றவைத்து அடைத்துவிடலாம் என்று பையன் சொன்னான். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அதை வெட்டி எடுத்து, வேறு வளையத்தில் புதிதாகச் செய்யச் சொன்னார். அதற்கு மேலும் நான்கு நாள் ஆயிற்று. பணம் எதுவும் கூடுதலாகக் கேட்கவில்லை.

டயர்களில் 79டி என்று அச்சாகியிருக்கிறது. ஒரு டயர் 437 கிலோ தாங்கும், மணிக்கு 190 கிலோமீட்டர் வரை செல்லத்தக்கது என்று அதற்குப் பொருள். ஹெரால்டின் எடை 800 கிலோவைச் சற்றுத் தாண்டும் என்பதால் இது தாராளம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் அவரே காட்டினார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய கார்கள் குறைவாகவே ஓடுவதால் நம் டயர்கள் பட்டன் தேய்வதற்கு முன்பே வயதாகிக் காய்ந்துவிடுகின்றன. ஆகவே வாங்கும்போதே புதிய தேதி பார்ப்பது நமக்குக் கூடுதல் அவசியம். ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தையும் ரேடியலாகவே மாற்றச் சொன்னார். முன்னே ரேடியல், பின்னே நைலான் என்று கலந்து போட்டால் வளைவில் பின்பக்கம் முதலில் வழுக்கிவிடும் என்பதால், அவசரத்துக்குக்கூட அப்படிச் செய்யக் கூடாது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. எல்லை தாண்டி அடிக்கடி போய்வருகிறவர்கள், மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியோடு போகாதிருப்பதே நல்லது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாத வண்டியைத்தான் ஏற்கின்றன. மட்கார்டை வெட்டி அகல டயர் போட நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வண்டியை எடுத்த அன்றே, சாரல் விழுந்துகொண்டிருந்த பிற்பகலில், புளியரை வளைவுகளில் ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை போய்வந்தேன். நடுக்கம் அறவே இல்லை. ஏற்றத்தில் எதிரே லாரி வந்தபோது ஓரத்து மண்ணில் இரண்டு சக்கரங்களை இறக்கி ஏற்றினேன். ஸ்டியரிங் கையைப் பிடுங்கவில்லை. 124 மி.மீ. உயரப் பக்கச்சுவர் குழிகளை மென்மையாக வாங்கிக்கொள்கிறது. மெல்லிய டயர் என்பதால் தண்ணீர் தேங்கிய இடங்களிலும் மிதக்கும் உணர்வு வரவில்லை. பதிமூன்று கண் பாலத்தின் அருகே வண்டியை நிறுத்தி, வேண்டுமென்றே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஒரே வீச்சில் திருப்பினேன். எங்கும் உரசவில்லை. ஸ்டியரிங் மெதுவேகத்தில் முன்பைவிடச் சிறிது கனமாக இருக்கிறது; ரேடியல் போட்டால் அது இருக்கத்தான் செய்யும். முன்பக்கம் 24, பின்பக்கம் 28 காற்று வைத்திருக்கிறேன். பின்பக்கம் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதில் அண்ணாச்சி கண்டிப்பாக இருக்கிறார்.

குறைகளும் உண்டு. ஒரு வாரம் என்று சொன்ன வேலைக்குப் பதினெட்டு நாள் ஆயின. நாமே போன் செய்து கேட்டால்தான் விவரம் தெரிகிறது. ரசீதில் வேலைகள் தனித்தனியாக எழுதப்படாமல் மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. கேட்ட பிறகுதான் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். பேலன்ஸிங் ஈயத்தை வெளிவிளிம்பில் அடித்ததில் இரண்டு சக்கரங்களில் புதுப் பெயின்ட் பெயர்ந்துவிட்டது. அலைன்மென்ட் கணினியில் ஹெரால்டின் அளவுகள் இல்லாததால் நூல் கட்டித்தான் முன்சக்கரங்களை நேர் செய்கிறார்கள். ஒரு வீசம் அங்குலத்துக்குள் அவர் நிறுத்திக் காட்டியதைக் கண்ணால் பார்த்ததால் எனக்கு அதில் குறை இல்லை. கணினித் தாள் வேண்டும் என்பவர்களுக்கு அது ஒத்துவராது.

ஐந்து டயருக்கு 16,500 ரூபாயும், ஐந்து டிஸ்க் வேலைக்கு 9,000 ரூபாயும், மற்றவற்றுக்கு 1,800 ரூபாயும் கொடுத்தேன். முதல் கடையில் அலாய் வீலுக்கு மட்டுமே இதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். போகிறவர்கள் குற்றாலச் சீசனில் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். அன்று சாலையில் நிற்கும் வண்டிகளையே அவர்களால் கவனித்து முடியாது. பழைய டிஸ்க்குகள் துருப்பிடித்துக் கிடந்தாலும் ஒன்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் ஐந்தையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடியும் முடுக்கிப் பார்க்க வரச் சொல்வார். நான் போனபோது பதினாறில் ஒரு நட்டு மட்டும் கால் சுற்று இறங்கியது.